முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கான நோயெதிர்ப்புச் சிகிச்சை

சிறுநீரகத்தில் தோன்றிப் பிற உறுப்புகளுக்குப் பரவிவிட்ட, அல்லது அறுவை சிகிச்சையால் முழுமையாக அகற்ற இயலாத புற்றுநோயை முற்றிய சிறுநீரகப் புற்றுநோய் என்பர். நோயாளியின் சொந்த நோயெதிர்ப்பு மண்டலத்தைக் கொண்டே இந்நோயைத் தாக்கச் செய்யும் மருத்துவ முறை நோயெதிர்ப்புச் சிகிச்சை ஆகும். 1980-களில் தொடங்கிய இவ்வாய்வு, முதல் முப்பது ஆண்டுகளில் மிகச் சிலருக்கே பயன் தந்தது. 2015-ஆம் ஆண்டுக்குப் பின் நிலைமை மாறியது. நோயாளிகளில் கணிசமானோர் இன்று ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் வாழ்கின்றனர். ஆயினும் எல்லோருக்கும் இம்மருந்துகள் பலிப்பதில்லை. யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் நம்பகமான சோதனையும் இன்னும் கிடைக்கவில்லை.

நோயின் தன்மை

உலகில் ஆண்டுதோறும் சுமார் 4.3 இலட்சம் பேருக்குச் சிறுநீரகப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது, சுமார் 1.5 இலட்சம் பேர் இறக்கின்றனர். பெண்களைவிட ஆண்களிடம் இது அதிகம். புகைபிடித்தல், உடற்பருமன், உயர் இரத்த அழுத்தம் ஆகியவை முக்கியக் காரணிகள். சிறுநீரில் இரத்தம், விலாப்புறத்தில் வலி, வயிற்றில் கட்டி ஆகிய மூன்றும் இந்நோயின் அறிகுறிகளாகப் பாடநூல்களில் சொல்லப்படுகின்றன. ஆனால் மூன்றும் ஒருங்கே தெரியும் நேரத்தில் நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். இன்று பலருக்கு வேறு காரணத்திற்காக எடுக்கப்படும் ஸ்கேனில் தற்செயலாகவே இது தெரியவருகிறது.

சிறுநீரகப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பது பங்கு சிறுநீரகச் செல் புற்றுநோய் எனும் வகையைச் சேர்ந்தவை. அவற்றுள்ளும் சுமார் முக்கால் பங்கு 'தெளிந்த செல்' வகை. நுண்ணோக்கியில் பார்க்கும்போது செல்களின் உட்பகுதி வெறுமையாகத் தெரிவதால் இப்பெயர் வந்தது. கீழே சொல்லப்படும் பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் இவ்வகை நோயாளிகளிடமே நடத்தப்பட்டவை.

நோய் சிறுநீரகத்திற்குள் அடங்கியிருந்தால் அறுவை சிகிச்சையே போதுமானது; பலர் முழுமையாகக் குணமடைகின்றனர். நுரையீரல், எலும்பு, கல்லீரல், மூளை ஆகியவற்றுக்குப் பரவிவிட்டால் அறுவை சிகிச்சை மட்டும் போதாது. மற்றப் புற்றுநோய்கள் பலவற்றில் கைகொடுக்கும் வழக்கமான கீமோதெரபி மருந்துகளும் சிறுநீரகப் புற்றுநோயில் பயனற்றவையாகவே இருந்தன. இந்தக் கையறு நிலைதான் ஆய்வாளர்களை நோயெதிர்ப்பு மண்டலத்தின் பக்கம் திருப்பியது.

முதல் தடயம்

அவர்கள் அப்பக்கம் திரும்பியதற்கு வேறொரு காரணமும் உண்டு. புற்றுநோய் வந்த சிறுநீரகத்தை அகற்றிய பின், நுரையீரலில் இருந்த கட்டிகள் எந்த மருந்தும் இல்லாமல் தாமே சுருங்கி மறைந்த நிகழ்வுகளை மருத்துவர்கள் பதிவு செய்திருந்தனர். நூறு பேரில் ஒருவருக்குக்கூட இவ்வாறு நடப்பதில்லை. ஆனாலும் அது நடந்தது என்பதே ஒரு தடயம். உடலில் ஏதோ ஒன்று அந்தக் கட்டிகளை அழித்திருக்க வேண்டும்.

நோயெதிர்ப்பு மண்டலத்தைப் புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பும் எண்ணம் இன்னும் பழையது. 1891-இல் நியூயார்க் நகர அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, புற்றுநோயாளிகளுக்குப் பாக்டீரியாக்களை ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார். சிலருக்குக் கட்டி கரைந்தது, பலருக்குக் கரையவில்லை. ஏன் என்று விளக்க அக்கால அறிவியலால் இயலவில்லை.

நம் இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்களில் டி செல்கள் எனும் வகை உண்டு. இவை உடலெங்கும் சுற்றிவந்து, ஒவ்வொரு செல்லின் மேற்பரப்பிலும் காட்டப்படும் புரதத் துணுக்குகளைச் சோதிக்கின்றன. வைரசு புகுந்த செல்லையோ உருமாறிய செல்லையோ அடையாளம் கண்டால் அதைக் கொல்கின்றன. சிறுநீரகப் புற்றுக்கட்டிகளை வெட்டிப் பார்த்தால் உள்ளே ஏராளமான டி செல்கள் இருப்பதைக் காணலாம். அவை வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் வேலை செய்யவில்லை. ஏன் வேலை செய்யவில்லை என்பதே அடுத்த கால் நூற்றாண்டின் கேள்வியாயிற்று.

முதல் காலம்: தூண்டிவிடும் மருந்துகள்

டி செல்களுக்குப் போதிய தூண்டுதல் இல்லை என்பதே முதலில் கருதப்பட்ட விடை. ஆகவே உடல் தானே சுரக்கும் தூண்டுபொருள்களைச் செயற்கையாகத் தயாரித்து, பெருமளவில் செலுத்தினர்.

இன்டர்ஃபெரான்: 1957-இல் கண்டறியப்பட்ட இப்புரதம் வைரசு எதிர்ப்பில் பங்கு கொள்வது. முற்றிய சிறுநீரகப் புற்றுநோயில் இதைப் பெற்றவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்கே கட்டி சுருங்கியது. 1999-இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்றில், இன்டர்ஃபெரான் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 8.5 மாதம், ஒப்பீட்டு மருந்து பெற்றவர்களுக்கு 6 மாதம். பயன் உண்மையானது, ஆனால் இரண்டரை மாதமே.

இன்டர்லியூக்கின்-2: டி செல்களைப் பெருகச் செய்யும் புரதம். அமெரிக்காவின் பெதஸ்டாவிலுள்ள தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பர்க் தலைமையிலான குழு, 1985-இல் இதன் மூலம் சில நோயாளிகளின் கட்டிகள் கரைந்ததை அறிவித்தது. 1992-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு இதை அனுமதித்தது. அதற்கு அடிப்படையான ஆய்வுகளில் மொத்தம் 255 நோயாளிகள் இருந்தனர். அவர்களில் சுமார் 15% பேருக்கு மட்டுமே கட்டி சுருங்கியது. சுமார் 7% பேருக்கு அது முழுவதும் மறைந்தது. அவ்வாறு மறைந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் பல ஆண்டுகளுக்குத் திரும்பவே இல்லை.

இதற்குக் கொடுத்த விலை பெரிது. எட்டு மணி நேரத்திற்கு ஒரு முறை இரத்தநாளத்தில் செலுத்தப்பட்ட இம்மருந்தால், நுண் இரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து உடல் வீங்கும். இரத்த அழுத்தம் சரியும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நிகரான கண்காணிப்பு தேவைப்பட்டது. அந்த 255 பேரில் 4% பேர் சிகிச்சையின் விளைவாகவே இறந்தனர். இதயமும் நுரையீரலும் வலுவாக உள்ளவர்களுக்கே இதைத் தர முடிந்தது.

முற்றிய நோயும் நிலையாக மறையக்கூடும் என்பதை இன்டர்லியூக்கின்-2 காட்டியது. அதே சமயம், தூண்டுதலைக் கூட்டிக்கொண்டே போவது பெரும்பாலோருக்குப் பயன் தராது என்பதையும் காட்டியது.

இடைக்காலம்: இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் மருந்துகள்

இதே காலத்தில் மரபியல் வேறொரு வாயிலைத் திறந்தது. வி.எச்.எல். எனும் மரபணு 1993-இல் அடையாளம் காணப்பட்டது. தெளிந்த செல் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோருக்குக் கட்டியின் செல்களில் இம்மரபணு செயலிழந்திருக்கும். அதனால் போதிய ஆக்சிசன் இருந்தாலும், இல்லாததுபோல் அச்செல்கள் நடந்துகொள்கின்றன. புதிய இரத்தக்குழாய்களை வளர்க்கும் புரதத்தை ஓயாமல் சுரக்கின்றன. சிறுநீரகப் புற்றுக்கட்டியில் இரத்தக்குழாய்கள் மண்டிக் கிடப்பதன் காரணம் இதுவே. செல்கள் ஆக்சிசன் அளவை உணரும் முறையை விளக்கியதற்காக வில்லியம் கெய்லின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா ஆகிய மூவருக்கும் 2019-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த இரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் சோராஃபெனிப் 2005-இலும், சுனிடினிப் 2006-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இவை வாய்வழி உட்கொள்ளும் மருந்துகள். 2007-இல் வெளியான ஆய்வில், 750 நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். நோய் வளராமல் நின்ற இடைநிலைக் காலம் சுனிடினிப் பிரிவில் 11 மாதம். இன்டர்ஃபெரான் பிரிவில் 5 மாதம். அதன்பின் இன்டர்ஃபெரானின் இடத்தைச் சுனிடினிப் பிடித்தது. ஆனால் இம்மருந்துகளால் நோய் நிலையாக மறைவது மிக அரிது. கட்டி வேறு வழியில் இரத்தத்தைப் பெறக் கற்றுக்கொண்டு மீண்டும் வளரத் தொடங்கும்.

பிரேக்கைக் கண்டுபிடித்தல்

டி செல் ஏன் வேலை செய்யவில்லை என்ற கேள்விக்கு, புற்றுநோய் மருத்துவமனைகளுக்கு வெளியே, அடிப்படை ஆய்வுக்கூடங்களில் விடை கிடைத்தது.

ஒரு வண்டி நகரவில்லை என்றால் காரணம் இரண்டாக இருக்கலாம். ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் இருக்கலாம். அல்லது பிரேக் பிடித்திருக்கலாம். பிரேக் பிடித்திருக்கும் வண்டியில் ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் எஞ்சின்தான் சூடாகும். இன்டர்லியூக்கின்-2 காலத்தில் நடந்தது ஏறக்குறைய இதுவே.

டி செல்லின் மேற்பரப்பில் அதன் வேகத்தைக் குறைக்கும் மூலக்கூறுகள் உள்ளன. இவை இயற்கை அமைத்த பாதுகாப்பு. இவை இல்லையெனில் டி செல்கள் நம் சொந்த உறுப்புகளையே தாக்கிவிடும். அமெரிக்காவின் பெர்க்லியில் பணியாற்றிய ஜேம்ஸ் ஆலிசன், சி.டி.எல்.ஏ-4 எனும் மூலக்கூறு அத்தகைய ஒரு பிரேக் என்பதை உணர்ந்தார். அதை மறிக்கும் எதிர்ப்பொருளைச் செலுத்தியபோது எலிகளின் கட்டிகள் மறைந்ததை 1996-இல் வெளியிட்டார். சப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுக்கு ஓன்ஜோவின் குழு 1992-இல் கண்டறிந்த பி.டி-1 மற்றொரு பிரேக். இருவருக்கும் 2018-இல் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இரண்டு பிரேக்குகளும் வெவ்வேறு இடங்களில் செயற்படுகின்றன. சி.டி.எல்.ஏ-4 பெரும்பாலும் நிணநீர் முடிச்சுகளில், டி செல் முதன்முதலாகத் தூண்டப்படும் கட்டத்தில் குறுக்கிடுகிறது. பி.டி-1 கட்டியின் உள்ளேயே வேலை செய்கிறது. பல புற்றுச் செல்கள் பி.டி-எல்1 எனும் புரதத்தைத் தம் மேற்பரப்பில் வைத்துள்ளன. தம்மைக் கொல்ல வரும் டி செல்லின் பி.டி-1 மீது அதைப் பொருத்தி, டி செல்லைச் செயலிழக்கச் செய்கின்றன. கட்டிக்குள் வந்தும் சும்மா நின்ற டி செல்களின் புதிர் இவ்வாறு விடுபட்டது.

இந்தப் பிடியை விடுவிக்கும் எதிர்ப்பொருள்களைச் சோதனைச்சாவடித் தடுப்பிகள் என்பர். சிறுநீரகப் புற்றுநோயில் முக்கியமானவை இபிலிமுமாப், நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஆகியவை. இபிலிமுமாப் சி.டி.எல்.ஏ-4-ஐயும், மற்ற இரண்டும் பி.டி-1-ஐயும் மறிக்கின்றன. எல்லாம் தொடக்கத்தில் இரத்தநாளத்தில் சொட்டுச் சொட்டாக ஏற்றப்பட்டவை.

முக்கிய ஆய்வுகள்

செக்மேட் 025 (2015): முன்பு இரத்தக்குழாய் தடுப்பு மருந்து பெற்று, பின் நோய் வளர்ந்த 821 பேர் இதில் பங்கேற்றனர். ஒரு பிரிவுக்கு நிவோலுமாப். மறு பிரிவுக்கு அப்போது வழக்கத்தில் இருந்த எவரோலிமஸ். இடைநிலை வாழ்நாள் முறையே 25.0 மாதம், 19.6 மாதம். கட்டி சுருங்கியவர்கள் 25%, 5%. கடுமையான பக்கவிளைவுகள் 19%, 37%. பலன் கூடி, துன்பம் குறைந்தது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

செக்மேட் 214 (2018): இரண்டு பிரேக்குகளையும் ஒருங்கே விடுவித்தால் என்ன ஆகும் என்று பார்த்த ஆய்வு. இதுவரை சிகிச்சை பெறாத 1,096 பேரில் ஒரு பிரிவுக்கு நிவோலுமாபும் இபிலிமுமாபும் சேர்த்தும், மறு பிரிவுக்குச் சுனிடினிபும் தரப்பட்டன. நடுத்தர, மோசமான ஆபத்துப் பிரிவு நோயாளிகளில் கட்டி சுருங்கியவர்கள் 42%, 27%. கட்டி முழுவதும் மறைந்தவர்கள் 9%, 1%. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தவர்கள் 43%, 31%.

இங்கே 'ஆபத்துப் பிரிவு' என்பது ஆறு அளவைகளால் தீர்மானிக்கப்படுகிறது. நோயாளியின் பொதுவான உடல்திறன், நோய் கண்டறிந்து ஓராண்டுக்குள் மருந்து தேவைப்பட்டதா என்பது, ஹீமோகுளோபின், கால்சியம், நியூட்ரோஃபில், தட்டணுக்கள் ஆகியவையே அந்த ஆறு. ஒன்றும் பாதகமாக இல்லையெனில் சாதகமான பிரிவு. ஒன்று அல்லது இரண்டு எனில் நடுத்தரம். மூன்றும் அதற்கு மேலும் எனில் மோசமான பிரிவு. செக்மேட் 214-இன் முதல் அறிக்கையில், சாதகமான பிரிவினருக்கு மட்டும் சுனிடினிபே அதிகமானோரின் கட்டியைச் சுருக்கியது. ஒரே மருந்து எல்லோருக்கும் சிறந்ததாக இருப்பதில்லை என்பதற்கு இது சான்று.

பின்னர் பி.டி-1 தடுப்பியையும் இரத்தக்குழாய் தடுப்பு மருந்தையும் இணைத்தனர். இவ்வகையில் மூன்று இணைகள், ஒவ்வொன்றும் சுனிடினிபுடன் ஒப்பிடப்பட்டு, வெற்றி கண்டன. பெம்ப்ரோலிசுமாப்–ஆக்சிடினிப் இணையில் (கீநோட்-426, 2019) கட்டி சுருங்கியவர்கள் 59%; சுனிடினிப் பிரிவில் 36%. நிவோலுமாப்–காபோசான்டினிப் இணையில் (செக்மேட் 9ஈஆர், 2021) 56%; ஒப்பீட்டுப் பிரிவில் 27%. பெம்ப்ரோலிசுமாப்–லென்வாடினிப் இணையில் (கிளியர், 2021) 71%; ஒப்பீட்டுப் பிரிவில் 36%. இந்த ஆய்வுகளில் சேர்ந்த நோயாளிகள் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். ஆகவே 71, 59-ஐவிடப் பெரிது என்று இணைகளைத் தமக்குள் வரிசைப்படுத்துவது தவறு.

நோய் வேகமாக வளர்ந்து, உடனே சுருக்க வேண்டிய நிலையில் உள்ளவர்களுக்கு இந்த இணைகள் ஏற்றவை. இரட்டைப் பிரேக் விடுவிப்பு அத்தனை பேருக்கு உடனடியாகப் பலிப்பதில்லை. பலித்தவர்களுக்கோ அப்பலன் நீண்டு நிற்கும் வாய்ப்பு அதிகம். மருத்துவர்கள் இவ்விரண்டையும் எடைபோட்டே தேர்வு செய்கின்றனர்.

எண்களைப் படிக்கும் முறை

செய்திகளில் வரும் எண்களைத் தவறாகப் புரிந்துகொண்டு வீண் நம்பிக்கையோ வீண் அச்சமோ கொள்வது எளிது. மேலே பலமுறை வந்த 'இடைநிலை' எனும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இது பத்தாம் வகுப்புக்குள்ளேயே நாம் படித்த கணக்குதான். அளவுகளை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்பது இடைநிலை அளவு. இடைநிலை வாழ்நாள் 25 மாதம் என்றால், ஒவ்வொருவரும் 25 மாதம் வாழ்வர் என்று பொருளல்ல. பாதிப் பேர் அதற்குமேல் வாழ்ந்தனர் என்றே பொருள்.

கற்பனையாக, 11 பேர் கொண்ட இரு குழுக்களை எண்ணிக்கொள்வோம். அவர்கள் வாழ்ந்த மாதங்கள்:

குழு அ: 6, 10, 14, 18, 22, 25, 27, 29, 31, 33, 35
குழு ஆ: 4, 8, 12, 17, 21, 25, 60, 84, 96, 110, 120

இரண்டிலும் இடைநிலை 25 மாதமே. ஆனால் முதல் குழுவில் ஒருவர்கூட மூன்று ஆண்டைத் தாண்டவில்லை. இரண்டாவதில் ஐந்து பேர் ஐந்து ஆண்டு முதல் பத்து ஆண்டு வரை வாழ்ந்துள்ளனர். நோயெதிர்ப்புச் சிகிச்சையின் பலன் பெரும்பாலும் இரண்டாம் குழுவைப் போன்றது. அதனால்தான் ஆய்வாளர்கள் இடைநிலையோடு நில்லாமல், ஐந்தாம் ஆண்டு, எட்டாம் ஆண்டு வரை பின்தொடர்ந்து கணக்கெடுக்கின்றனர். குழு ஆ-வின் முதல் மூன்று எண்களையும் கவனிக்க வேண்டும். அவை குழு அ-வின் எண்களைவிடக் குறைவு. அந்த மூவருக்கும் மருந்து பலிக்கவில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பின்

சிறுநீரகத்தை அகற்றிய பின்னும் சிலருக்கு நோய் திரும்பும். கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சிய செல்களை முன்கூட்டியே அழிக்க முடியுமா என்பதை, டோனி சுவைரி தலைமையில் நடந்த கீநோட்-564 ஆய்வு சோதித்தது. நோய் திரும்பும் ஆபத்து கூடுதலாக இருந்த 994 பேரில் ஒரு பிரிவினருக்குச் சுமார் ஓராண்டு பெம்ப்ரோலிசுமாபும், மறு பிரிவினருக்குப் போலி மருந்தும் தரப்பட்டன. 2024-இல் வெளியான முடிவின்படி நான்கு ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தவர்கள் 91.2%, போலி மருந்துப் பிரிவில் 86.0%.

இம்முடிவை "இறப்பு ஆபத்து 38% குறைந்தது" என்றும் சொல்லலாம். "நூறு பேரில் கூடுதலாக ஐவர் உயிருடன் இருந்தனர்" என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. ஆனால் கேட்பவர் மனத்தில் இரண்டும் வேறு வேறு படங்களை உண்டாக்கும். நான்காம் ஆண்டில் ஒருவர் கூடுதலாக உயிருடன் இருக்கச் சுமார் 20 பேருக்கு மருந்து தர வேண்டியிருந்தது. மற்றவர்களில் பலருக்கு அறுவை சிகிச்சையே போதுமானதாக இருந்தது. ஆயினும் அவர்களும் பக்கவிளைவு ஆபத்தை ஏற்றனர். இந்த ஒரு கணக்கை மருத்துவர் எடுத்துச் சொன்னால், நோயாளி தம் முடிவைத் தெளிவாக எடுக்க முடியும்.

பக்கவிளைவுகள்

பிரேக்கை விடுவித்தால் புற்றுச் செல் மட்டுமன்றி நலமான செல்லும் தாக்கப்படலாம். தோலில் அரிப்பும் தடிப்பும், பெருங்குடல் அழற்சியால் வயிற்றுப்போக்கு, கல்லீரல் அழற்சி, நுரையீரல் அழற்சியால் இருமலும் மூச்சுத்திணறலும், தைராய்டு, பிட்யூட்டரி, அட்ரினல் சுரப்பிகளின் பாதிப்பு ஆகியவை ஏற்படக்கூடும். அரிதாக இதயத்தசை அழற்சி ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

முடி உதிர்தல், வாந்தி போன்ற கீமோதெரபியின் துன்பங்களையே எதிர்பார்த்திருக்கும் குடும்பத்தினர், இவற்றைச் சாதாரணக் காய்ச்சல், வயிற்றுக்கோளாறு என்று எண்ணி விட்டுவிடும் அபாயம் உண்டு. தாமதம் ஆபத்தானது. தொடக்கத்திலேயே கண்டறிந்து, மருந்தை நிறுத்தி, ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலானவை அடங்கும். சுரப்பிகளின் பாதிப்பு மட்டும் பலருக்கு நிலைத்துவிடுவதால், ஆர்மோன் மாத்திரைகளைத் தொடர வேண்டியிருக்கும். சிகிச்சை முடிந்து சில மாதங்கள் கழித்தும் இவை தோன்றலாம்.

முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களுக்கும், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களுக்கும் இம்மருந்துகளைத் தருவதில் தனிக் கவனம் தேவை. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரின் உடல், விடுவிக்கப்பட்ட டி செல்களால் அவ்வுறுப்பை நிராகரித்துவிடலாம்.

பலன் தராத ஆய்வுகள்

வெற்றி பெறாத ஆய்வுகளும் அறிவைத் தருகின்றன. கீநோட்-564 வெற்றி பெற்ற அதே நோக்கத்துடன், அறுவை சிகிச்சையை ஒட்டி அடிசோலிசுமாப், நிவோலுமாப், நிவோலுமாப்–இபிலிமுமாப் ஆகியவற்றைச் சோதித்த மூன்று பெரிய ஆய்வுகள் பலன் காட்டவில்லை. ஒரு சோதனைச்சாவடித் தடுப்பி பலனிழந்த பின் அதே வகை மருந்து ஒன்றை மீண்டும் சேர்த்துக் கொடுப்பது பயன் தருமா என்று பார்த்த கான்டாக்ட்-03 ஆய்வு (2023), பயன் இல்லை. பக்கவிளைவே கூடியது என்று காட்டியது. இதனால் பல நோயாளிகள் வீண் செலவிலிருந்தும் துன்பத்திலிருந்தும் தப்பினர்.

மூன்று மருந்துகளை ஒன்றாகத் தந்த காஸ்மிக்-313 ஆய்வில் (2023), நோய் வளர்வது தள்ளிப்போனது. ஆனால் கடுமையான பக்கவிளைவுகள் 56 விழுக்காட்டிலிருந்து 79 விழுக்காடாக உயர்ந்தன, வாழ்நாள் கூடவில்லை. மருந்தைக் கூட்டுவதால் மட்டும் பலன் கூடிவிடுவதில்லை.

தொடரும் ஆய்வுகள்

யாருக்குப் பலிக்கும் என்பதை முன்கூட்டி அறிவதே இன்றைய முதற்பணி. கட்டியில் பி.டி-எல்1 அதிகம் உள்ளவர்களுக்கே மருந்து பலிக்கும் என்று முதலில் எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் செக்மேட் 025-இல் அது இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பலன் கிடைத்தது. மரபணு மாற்றங்களின் எண்ணிக்கையும் சிறுநீரகப் புற்றுநோயில் வழிகாட்டவில்லை. சார்கோமா போன்ற தோற்றம் கொண்ட தீவிரமான கட்டிகள், முன்பு மிக மோசமானவையாகக் கருதப்பட்டவை, இம்மருந்துகளுக்கு நன்கு கட்டுப்படுவது எதிர்பாராத நற்செய்தி.

தனிநபர் தடுப்பூசி மற்றொரு முயற்சி. ஒருவரின் கட்டியில் மட்டும் காணப்படும் மாறிய புரதத் துணுக்குகளைக் கண்டறிந்து, அவற்றைக் கொண்டே அவருக்கெனத் தடுப்பூசி தயாரிக்கப்படுகிறது. அமெரிக்காவின் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனம் 2025-இல் வெளியிட்ட ஆய்வில், கட்டி அகற்றப்பட்ட ஒன்பது பேருக்கு இது தரப்பட்டது. சுமார் 40 மாதம் பின்தொடர்ந்தும் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. ஒன்பது பேர் என்பது மிகச் சிறிய எண்; ஒப்பீட்டுப் பிரிவும் இல்லை. இதற்கு முன் ஐ.எம்.ஏ901 எனும் தடுப்பூசி பெரிய ஆய்வில் தோல்வியுற்றதை நினைவில் கொண்டால், இதை ஒரு தொடக்கமாகவே கொள்ள வேண்டும்.

வி.எச்.எல். மரபணு ஆய்விலிருந்து பிறந்த பெல்சுடிஃபான் எனும் மாத்திரை, 2023 டிசம்பரில் அமெரிக்காவில் முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. இது நோயெதிர்ப்பு மருந்து அன்று. ஆனால் நோயெதிர்ப்பு மருந்துகள் பலனிழந்தவர்களுக்கு ஒரு புதிய வழி.

செலவும் குறைந்த அளவு மருந்தும்

இம்மருந்துகளின் விலை உலகெங்கும் பெரும் தடையாக உள்ளது. பல மாதங்கள், சில வேளை இரண்டு ஆண்டுகள் தொடர வேண்டிய சிகிச்சை நடுத்தரக் குடும்பங்களின் சேமிப்பைக் கரைத்துவிடும். இதற்கு விடைதேடிய ஆய்வு ஒன்று மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் நடந்தது. தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரில் ஒரு பிரிவினருக்கு, வாய்வழி மருந்துகளுடன் மூன்று வாரத்திற்கு ஒரு முறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் மட்டும் தரப்பட்டது. வழக்கமான அளவு இரண்டு வாரத்திற்கு 240 மில்லிகிராம். 2023-இல் வெளியான முடிவில், ஓராண்டுக்குப் பின் உயிருடன் இருந்தவர்கள் 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடாக உயர்ந்தனர். இம்முடிவை அப்படியே சிறுநீரகப் புற்றுநோய்க்குப் பொருத்த முடியாது. ஆயினும், வழக்கத்தில் உள்ள அளவு உண்மையில் எல்லோருக்கும் தேவைதானா என்ற கேள்வியை அது வலுவாக எழுப்பியுள்ளது. எத்தனை காலம் மருந்தைத் தொடர வேண்டும், நலமடைந்தவர் எப்போது நிறுத்தலாம் என்பனவும் ஆய்வில் உள்ள கேள்விகளே.

நோயாளியும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

'நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று விற்கப்படும் பொடி, கசாயம், சத்துமாவு ஆகியவையும் நோயெதிர்ப்புச் சிகிச்சையும் ஒன்றல்ல. பெயர் ஒற்றுமையால் குழப்பம் நேர்கிறது. மேலே கண்டபடி, சிக்கல் சக்திக் குறைவில் இல்லை. பிடித்திருக்கும் பிரேக்கில் உள்ளது. பி.டி-1-இன் பிடியை எந்தப் பொடியும் விடுவிப்பதாக நிறுவப்படவில்லை. சில மூலிகைகள் கல்லீரலைப் பாதிக்கக்கூடும். அப்போது மருந்தின் பக்கவிளைவு எது, மூலிகையின் விளைவு எது என்று மருத்துவரால் பிரித்தறிய இயலாமற் போகும். எதைச் சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது நல்லது.

சிகிச்சை தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில:

புற்றுநோய் தெளிந்த செல் வகையா, வேறு வகையா?
ஆபத்துப் பிரிவு எது?
பரிந்துரைக்கும் இணை எது, அதைத் தேர்ந்ததன் காரணம் என்ன?
மருந்து பலிக்கிறதா என்பது எத்தனை வாரத்தில், எந்த ஸ்கேனில் தெரியும்?
பலிக்கவில்லை எனில் அடுத்த வழி என்ன?
மொத்தச் செலவு எவ்வளவு, காப்பீட்டிலோ அரசுத் திட்டத்திலோ மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டத்திலோ எவ்வளவு கிடைக்கும்?
இரவில் மூச்சுத்திணறலோ கடும் வயிற்றுப்போக்கோ வந்தால் யாரை அழைப்பது?

கடைசிக் கேள்விக்கான விடையைத் தாளில் எழுதி, மருந்தின் பெயருடன் நோயாளி எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். அவசரத்துக்கு வேறொரு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால், அங்குள்ள மருத்துவர் இது தொற்றுநோயா, விடுவிக்கப்பட்ட டி செல்களின் வேலையா என்று சரியாகக் கணிக்க அந்தத் தாளே உதவும்.